எடைக்கல்லாக ஒரு கை

நவம்பர் 4, திங்கள்

பிசியோதெரபி படித்தவளுக்கு குக்கர் கம்பெனியில் என்ன வேலை என்று ஹாஸ்டல் வார்டன் கேட்டார். வாடகையை ஒழுங்காகக் கட்டுகிற வேலை என்றேன்.

மூன்று மாத ஒப்பந்தம். கம்பெனி புதிதாக ஒரு குக்கர் கொண்டுவரப் போகிறது. வயதானவர்கள், கையில் பலம் குறைந்தவர்கள், கண் மங்கியவர்கள், யாராக இருந்தாலும் திறக்க முடிகிற குக்கர். 'எல்லோரும் திறக்கலாம்' என்று விளம்பரம் இப்போதே தயாராகிவிட்டது. குக்கர்தான் இன்னும் இல்லை. அதைச் செய்வதற்கு முன்னால் யார் கையில் எவ்வளவு பலம், யார் காதில் விசில் விழுகிறது, யாருக்குக் கவனம் நிற்கிறது என்று கோயம்புத்தூர் முழுக்க அளக்க வேண்டும். கைகள் என் பொறுப்பு. கண், காது, கவனம் அப்சலுடையது. உக்கடத்துக்காரன், உளவியல் படித்தவன், வாய் ஓயாது.

என் கருவிக்குப் பெயர் பெரிது. நாங்கள் பிடி மெஷின் என்கிறோம். கையில் வைத்து அழுத்தினால் எத்தனை கிலோ என்று முள் காட்டும். தேவராஜன் சார்தான் எங்கள் மேலாளர். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் நானே மெஷினை அழுத்தி அந்த எண்ணை டேப்லெட்டில் போட வேண்டும் என்றார்.

"எதுக்கு சார்?"

"மெஷினுக்குள்ள எண்ணெய் கசிஞ்சா நம்பர் கம்மியா காட்டும்மா. உன் கை இன்னிக்கு இருபத்தேழு காட்டுது. நாளைக்கு இருபத்தஞ்சு காட்டுச்சுன்னா மெஷின் தளர்ந்துபோச்சுன்னு அர்த்தம். டேப்லெட் அன்னிக்கு அளக்குற எல்லார் நம்பரையும் அதுக்கேத்த மாதிரி ஏத்திக்கும். மெஷின் தேயும். உன் வயசுல கை தேயாது. உன் கைதான் எடைக்கல்."

ஒரு மெஷினுக்கு ஒரு கைதான். மாற்றி அழுத்தக் கூடாது. என் கையை இதுவரை யாரும் இவ்வளவு நம்பியதில்லை.

ஒப்பந்தம் முடியும்போது ஒருவரை நிரந்தரமாக எடுப்பார்களாம். அப்சலா நானா என்று யாரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. நீச்சல் குளம் இருக்கிறது. வேலைக்கு வருகிற பெண்கள் ஏறத் தனி லிஃப்ட் இருக்கிறது. அதில் விளக்கு எரியவில்லை.

அப்சலின் கவனச் சோதனை இப்படி: ஆளை உட்கார வைத்துப் பிள்ளைகள், வேலை என்று பேச்சுக் கொடுப்பான். பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரில் அவ்வப்போது குக்கர் விசில் வரும். கடைசியில் எத்தனை விசில் என்று கேட்பான். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் கையை விரித்தார்.

"தம்பி, விசில் எண்றது எங்க வீட்டுல சம்சாரத்தோட டிபார்ட்மென்ட்."

பின்னால் நாற்காலியில் இருந்த அவர் மனைவி மொபைலிலிருந்து தலை நிமிராமல் சொன்னார். "ஆறு. ஆறாவது பாதியில நின்னுபோச்சு."

"அம்மா, நீங்க டெஸ்ட்லயே இல்லையே!"

"நான் எப்பத்தான் இருந்தேன்?"

என் பக்கம் யாரும் இப்படி விளையாடுவதில்லை. ஒவ்வொருவரிடமும் நான் சொல்ல வேண்டிய வாசகம்: "முடிந்தவரை அழுத்துங்கள். வலித்தால் நிறுத்திவிடலாம்." ஒருவரும் நிறுத்துவதில்லை. பெண்கள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார்கள். ஆண்கள் எழுந்து நின்றே அழுத்தப் பார்க்கிறார்கள். முடிந்ததும் வலிக்கிறதா என்று கேட்பேன். முகம் ஒன்று சொல்லும், வாய் இல்லை என்று சொல்லும். அளக்க வந்தவர்கள் முன்னால் வலி என்று சொன்னால் ஏதோ பறிபோய்விடும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

தேவராஜன் சாரோடு சண்டை.

கணபதியில் லேத் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். வலது கையில் கட்டை விரல் தவிர மற்றவை இயந்திரத்தில் போய்விட்டன. மெஷினைப் பிடித்தார், முள் அசையவில்லை. பூஜ்யம் என்று பதிந்தேன். சார் அதை அழித்து 'பதிவு இல்லை' என்று மாற்றிவிட்டார். பதிவு இல்லை என்றால் சராசரியில் அந்த ஆளே இல்லை.

"சார், அவர் வந்தார். உட்கார்ந்தார். அழுத்தினார். பூஜ்யம் வந்தது."

"அவரால டெஸ்ட்டே பண்ண முடியலையேம்மா."

"அதுதானே சார் டெஸ்ட்டோட முடிவு? யாருக்காகக் குக்கர் பண்றோமோ அவங்களையே வெளியில தள்ளிட்டு அப்புறம் யாரை அளக்கறது? ஜிம்முக்குப் போறவங்களையா?"

அறையில் எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்க்கத் தொடங்கினார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாலையில் பூஜ்யம் திரும்பி வந்திருந்தது.

ஜெயித்தேன். ஹாஸ்டல் வரை நடந்தே வந்தேன். பஸ்ஸில் உட்கார முடிந்திருக்காது, உடம்பு அப்படிப் பரபரத்தது.

நவம்பர் 27, புதன்

காலையில் மெஷின் இருபத்தைந்து காட்டியது. மூன்று முறை அழுத்தியும் அதேதான். புது மெஷின், மூன்று வாரத்தில் கசிவு. வாங்கும்போது யாருக்கு எவ்வளவு கமிஷனோ. டேப்லெட்டில் போட்டேன், அது எல்லோரையும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டது.

ஹாஸ்டலில் வெந்நீர் வரவில்லை. பச்சைத் தண்ணீரில் துணி பிழிந்ததில் விரலெல்லாம் கடுகடுவென்று இருக்கிறது.

டிசம்பர் 4, புதன்

மெஷின்: இருபத்து மூன்றரை.

இந்த வாரத்திலிருந்து மில் பகுதி. ஒண்டிப்புதூரில் ஒரு சமுதாயக் கூடம். வந்தவர்களில் பாதிப் பேர் மூடிப்போன நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்கள். பஞ்சு போன பிறகு கை மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதுவும் முழுசாக இல்லை.

ராமாத்தாள் என்று ஒரு அக்கா. ஐம்பத்தாறு வயது, தனியாக இருக்கிறாள். விரல் மூட்டுகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. மெஷினை அழுத்தும்போது கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்பது கிலோ.

"வலிக்குதாக்கா?"

"இல்ல கண்ணு. பாஸா?"

"இதுல பாஸ் ஃபெயில் கிடையாதுக்கா."

"அப்பறம் என்னத்துக்குப் புடிக்கச் சொல்ற?"

குக்கர் விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டாள்.

"என்ற குக்கரைத் தொறக்கோணும்னா டெய்லர் கடைக்குப் போகோணும் கண்ணு. சுடச்சுடத் துண்டுல புடிச்சுத் தூக்கிட்டு ரோட்டைத் தாண்டோணும். கனகராஜு தொறந்து குடுப்பான். அவன் டீக்குடிக்கப் போயிருந்தான்னா அன்னிக்குச் சோறு இல்ல, களி."

"காலைல விரல் மடங்குமாக்கா?" என் கேள்விப் பட்டியலில் இது இல்லை. படித்த பழக்கத்தில் கேட்டேன்.

"பத்து மணி ஆவும். அதுக்கு முன்னால இது என்ற கையே இல்ல."

டேப்லெட் ஒன்பதைப் பத்துக்கு மேல் ஏற்றியது. பத்து என்று சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

"அந்த குக்கரு வந்துச்சுன்னா மொதல்ல எனக்குக் குடு."

"சொல்லிவைக்கிறேன்க்கா."

"சொல்லிவெக்காத. குடு."

டிசம்பர் 6, வெள்ளி

மெஷினை சர்வீசுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பேனாவையும் மாற்றினேன். பால் பாயிண்ட் அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது, ஜெல் பேனா தானாக ஓடுகிறது.

அப்சல் கேண்டீனில் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். நான் கேட்கவில்லை. அவனுக்குப் பெண்கள் என்றால் உதவி செய்தாக வேண்டும் என்று ஒரு நினைப்பு. திட்டினேன்.

டிசம்பர் 11, புதன்

மெஷின் திரும்பி வந்துவிட்டது. குறை ஏதும் இல்லையாம். சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன்.

"மேடம், இரும்புக் கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். இருபது போட்டா இருபது காட்டுது."

"இங்க என் கையில கம்மியா காட்டுதே."

"கை வேற, கல் வேற மேடம்."

"ஒரு மாசமா நான் தினமும் பிடிக்கிறேன். நீங்க ஒருநாள் தொங்கவிட்டுப் பார்த்துட்டு எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

அவன் குரல் சின்னதாகிவிட்டது. சரி பார்க்கிறோம் மேடம் என்றான். எனக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு இல்லை. தேவராஜன் சார் என் பக்கம்தான். வழக்கப்படி காலை எண்ணைப் போட்டு ஏற்றிக்கொண்டே போகச் சொன்னார்.

இன்றைய காலை எண்: இருபத்தொன்றரை.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழிக் குளிர். எனக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. தலைமுடிக்கு கிளிப் போடுவதை விட்டுவிட்டு ரப்பர் பேண்ட். பட்டன் வைத்த சுடிதார்களை மடித்து அடியில் வைத்துவிட்டேன். பழசாகிவிட்டன.

டிபன் நேரம் எட்டு மணிக்கு முடிந்துவிடுகிறது. பத்து மணிக்கு வைத்தால் என்ன?

டிசம்பர் 25, புதன்

நாசரேத். வீடு.

நேற்று முழுக்க பலகாரம். முறுக்கு பிழிய என்னை உட்கார வைத்தாள் அம்மா. அச்சு இறங்கவே இல்லை. மாவு கெட்டி என்றேன். அம்மா என் கையிலிருந்து அச்சை வாங்கி ஒரே அழுத்தில் பிழிந்தாள். மாவு இறங்கியது. அச்சைத் திருப்பித் தராமல் என் விரல்களைப் பார்த்தாள்.

இன்று ஆராதனை முடிந்து சாரா பெரியம்மா வீட்டுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். முடியாது என்றேன்.

"ஏம்ட்டி, வருஷத்துக்கு ஒருவாட்டி அவளப் போய்ப் பாத்தா என்ன?"

"தலை வலிக்கும்மா."

"தலையா?"

பெரியம்மாவுக்கு இருபத்தாறு வயதில் தொடங்கியது. டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடிப்பாள். நான் பிசியோதெரபி எடுத்ததே அவளைப் பார்த்துத்தான் என்று அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள்.

மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். மூன்று நாள் லீவு மிச்சம் இருந்தது.

ஜனவரி 3, வெள்ளி

கூட்டம். கணக்கு வந்துவிட்டது. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் கைக்கு முடிகிற இறுக்கம் எதுவோ அதற்குள் மூடியைச் செய்வதாகத் திட்டம். தேவராஜன் சார் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல செய்தி. நம்ம மக்கள் நாம நினைச்சதைவிட பலசாலிங்க. முக்கியமா மில் ஏரியா."

அதனால் மூடி லேசாகத் திரும்ப மெல்லிய கேஸ்கட் ரப்பர் தேவையில்லை. இப்போது இருக்கிற கெட்டியான கேஸ்கட்டே போதும். அதுதான் விலை குறைவு. வடிவமைப்புக்காரர்கள் கை தட்டினார்கள். மாத இறுதியில் ஆர்டர் போகிறது. அதற்கு முன்னால் மாதிரிக் குக்கர்களைச் சில வீடுகளில் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு சடங்குக்கு.

நானும் தட்டினேன். சத்தம் வரும்படி இல்லை.

அப்சல் வெளியே வந்ததும் கேட்டான். "மில் ஏரியா ஆளுங்க பலசாலிங்களா? அங்க ஒரு அக்கா என் ஃபார்ம்ல கையெழுத்துப் போடவே அஞ்சு நிமிஷம் எடுத்துச்சு சுகி."

"கையெழுத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்ல."

"அப்படியா டாக்டர்?"

ஜனவரி 9, வியாழன்

ராமாத்தாக்கா வீட்டுக்கு மாதிரிக் குக்கர் கொண்டுபோனேன். காலை ஒன்பது மணிக்கு. கதவைத் திறந்ததுமே பெட்டியை வாங்கித் தடவிப் பார்த்தாள். ஒரே அறை. அடுப்பு, கட்டில், டீவி, மில் கொடுத்த சுவர்க் கடிகாரம்.

"குடுத்துட்டயே கண்ணு!"

அரிசி போட்டாள். மூன்று விசில். ஆவி அடங்கும்வரை மில் கதை சொன்னாள். நைட் ஷிஃப்டில் தூங்காமல் இருக்க மிளகாய் கடிப்பார்களாம். மேஸ்திரிக்குப் பட்டப்பெயர் வைத்ததில் ஒரு வாரம் சஸ்பெண்ட் ஆனாளாம், பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

பிறகு திறக்கப் போனாள். திரும்பவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்தாள். முழங்கையால் தள்ளினாள். என்னைப் பார்க்கவில்லை, குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசுல கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்க்கா."

"அப்ப நீ தொற."

பிடித்தேன். மூடியும் நானும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். துண்டைக் கேட்டேன். இரண்டு கையாலும் பிடித்தேன். பிறகு அக்கா அடியைப் பிடித்துக்கொள்ள நான் மூடியைத் திருகினேன். குக்கரோடு சேர்ந்து நாங்கள் இருவரும் அடுப்படியில் அரைவட்டம் சுற்றினோமே தவிர மூடி சுற்றவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் வந்தது, ஆவி பட்டதால்.

"வா, போலாம்" என்றாள்.

குக்கரை அவள்தான் தூக்கினாள். நான் தூக்கவில்லை. ரோட்டில் லாரி வருகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. கனகராஜ் தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தார்.

"என்னக்கா, குக்கரும் புதுசு, ஆளும் புதுசு?"

"கம்பெனிக்காரப் புள்ள."

"எல்லோரும் திறக்கலாம்னு எழுதியிருக்கு. இதத் தொறக்க ரெண்டு பேரு வந்திருக்கீங்க?"

ஒரு திருகு. திறந்தது. சோறு களியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது ரோட்டின் நடுவில் அக்கா என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உனக்கு எத்தன மணிக்கு மடங்கும் கண்ணு?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். கடந்தோம்.

புது கேஸ்கட். அதுதான் இறுக்கம். பழகினால் சரியாகிவிடும் என்று பதிவு செய்ய வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

பதிவு செய்யவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஹாஸ்டல் காலி. வார்டன் வீட்டுக் குக்கர் விசில் நாள் முழுக்கக் கேட்கிறது. எண்ணாமல் இருக்க முடியவில்லை. வெளியே போய் அவிநாசி ரோடு முழுக்க நடந்தேன். எங்கே பார்த்தாலும் திருக வேண்டியது, இழுக்க வேண்டியது, அழுத்த வேண்டியது. ஏடிஎம் கதவு. பஸ் கம்பி. கரும்பு ஜூஸ்காரன் சக்கரம். கோபமாக வந்தது. யார் இதையெல்லாம் செய்தது? யார் கையை வைத்து அளந்து?

யார் கையை வைத்து.

ஜனவரி 17, வெள்ளி

ஆபீஸில் பாதிப் பேர் இன்னும் வரவில்லை. அப்சலை அளவு அறைக்குக் கூப்பிட்டேன். ஸ்டோரில் இன்னொரு பிடி மெஷின் இருக்கிறது, பெட்டியே பிரிக்காதது. அதை அழுத்தச் சொன்னேன். முப்பத்தொன்பது. பிறகு என்னுடையதை.

"ஒரு மெஷினுக்கு ஒரு கைதான்னு நீதானே சொல்லுவ?"

"பிடிடா."

முப்பத்தொன்பது.

மறுபடி அழுத்தினான். அதேதான். நான் புது மெஷினை வாங்கி அழுத்தினேன். பதினெட்டு. என்னுடையதிலும் பதினெட்டு.

அப்சல் எப்போதும் ஏதாவது சொல்வான். இன்று மெஷின்களைப் பெட்டியில் வைத்து மூடினான். மூடிவிட்டு, "எப்பலேர்ந்து?" என்றான்.

"நவம்பர் கடைசி."

"பாட்டில் தொறந்து குடுத்ததுக்கு என்னைய அந்தத் திட்டுத் திட்டின."

"சாரி."

"சாரி கெடக்கட்டும். டாக்டரைப் பார்த்தியா?"

என் மெஷின் ஒருநாளும் கசியவில்லை. தேய்ந்தது என் கை. ஒவ்வொரு நாளும் அது தேயத் தேய, டேப்லெட் ஊரையே பலசாலியாக்கிக்கொண்டு போயிருக்கிறது. ராமாத்தாக்காவின் ஒன்பதை அன்றே பத்தாக்கியது. கடைசி வாரங்களில் அவளைப் போன்றவர்களின் எட்டைப் பன்னிரண்டாக்கியிருக்கிறது. லேத் பட்டறைக்காரரின் பூஜ்யத்துக்காகச் சண்டை போட்டவள் நான்தான்.

எழுத்து கோணலாக இருக்கிறது. இடது கை.

ஜனவரி 18, சனி

நேற்று மாலை எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் பெயரைச் சொன்னார். தெரிந்த பெயர்தான், பெரியம்மாவுக்குச் சொன்ன அதே பெயர். தேர்வில் அதைப் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். நவம்பரிலேயே வந்திருக்கலாமே, படித்த பெண்தானே என்றார். இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன என்றும் சொன்னார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லவில்லை. பெரியம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டேன். அந்தப் பக்கம் அம்மா அழத் தொடங்கிவிட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

தேவராஜன் சார் அறை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"மெஷின் சரியாத்தான் சார் இருந்திருக்கு. கைதான் மாறிப்போச்சு. டேப்லெட் ஏத்தினதையெல்லாம் எடுத்துடணும். அளந்த நம்பர் உள்ள அப்படியே இருக்கு."

"சர்வீஸ்காரன் சொன்னப்ப நீதானேம்மா அவன்கிட்ட சண்டை போட்ட?"

"ஆமா சார்."

நாற்காலியில் சாய்ந்தார். கோபம் இல்லை, களைப்புதான். அது இன்னும் மோசம்.

"ஆர்டர் போற நேரம். இப்பப் போய்க் கணக்கு தப்புன்னா என்ன ஆகும்? ஒண்ணு பண்ணலாம். நவம்பர் கடைசியிலயும் டிசம்பர்லயும் அளந்த ஆளுங்களை மொத்தமா எடுத்துடுவோம். மீதி நவம்பர் டேட்டா சுத்தமா இருக்கு. அது போதும்."

"நவம்பர்ல நீச்சல் குளம் வச்ச அபார்ட்மென்ட் சார். டிசம்பர்லதான் மில்லு."

"நான் உனக்காகத்தான் சொல்றேன். டேட்டாவை எடுக்கிறோம்னா காரணம் சொல்ல வேண்டாம். ஏத்தினதை மட்டும் எடுக்கணும்னா மேல காரணம் கேப்பாங்க. அளந்த பொண்ணுக்கே கை சரியில்லைன்னு நான் சொல்லணும். நிரந்தர வேலைக்கு உன் பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். மெடிக்கல் ஃபிட்னஸ் இருக்கு, தெரியும்ல?"

"எல்லோரும் திறக்கலாம்னு குக்கர் பண்ற கம்பெனியிலயா சார்?"

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தேன். மேசைமேல் மாதிரிக் குக்கர் இருந்தது. அதை அவர் பக்கம் தள்ளினேன்.

"காரணத்தைச் சொல்லுங்க சார். நம்ப மாட்டாங்கன்னா என்னையே கூப்பிடுங்க. அவங்க முன்னாடி இதைத் திறக்கப் பார்க்கிறேன்."

ஜனவரி 22, புதன்

கூப்பிட்டார்கள். திறக்கப் பார்த்தேன். பத்துப் பேர் கோட் போட்டு உட்கார்ந்து ஒரு பெண் குக்கரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து உதவ வந்தார். வேண்டாம் என்றேன்.

கெட்டிக் கேஸ்கட் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏற்றிய கணக்கை எடுத்துவிட்டார்கள். ஆனால் முழுசாக நம்பவில்லை. மில் பகுதியில் ஒரு நாள் மறுபடி அளந்து வர வேண்டும், அப்சலின் கையை எடைக்கல்லாக வைத்து. அதன்பிறகு முடிவாம். மெல்லிய கேஸ்கட்டின் விலையைப் பற்றி இரண்டு முறை பேசினார்கள். வலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நிரந்தர வேலை அப்சலுக்கு. அவன் என்னிடம் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பிரியாணி வாங்கித் தரச் சொன்னேன். வாங்கித் தந்தான். எலும்பை அவனே பிரித்துக் கொடுத்தான். இந்த முறை திட்டவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஒண்டிப்புதூர், அதே சமுதாயக் கூடம். என் கட்டாயத்தில் பத்தரைக்குத் தொடங்கினோம். முதலிலெல்லாம் எட்டு மணிக்கு வரச் சொல்லி அளந்தோம், அதுவும் ஒரு அநியாயம்.

அப்சல் மெஷினோடு மேசையில். நான் வாசலில் நின்று பெயர் கூப்பிட்டேன். ராமாத்தாக்கா முன்வரிசை. நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். ஒன்பது வந்தது, ஏற்றமில்லாத ஒன்பது.

"போன தடவ பத்துன்னயே கண்ணு."

"அது என் தப்புக்கா. ஒன்பதுதான்."

"ஒம்போதுக்குத் தொறக்குமா உங்க மூடி?"

"தெரியலக்கா. தொறக்கலன்னா மறுபடி சண்டை போடுவேன்."

"வேலைதான் போயிருச்சாமே, இந்தத் தம்பி சொல்லுச்சு. எங்க நின்னு போடுவ?"

"வெளியில நின்னு."

"அது செரி" என்றாள்.

எல்லோரும் முடிந்த பிறகும் அக்கா போகவில்லை. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அப்சல் என்னைப் பார்த்தான். போய் உட்கார்ந்தேன்.

"பேரு?"

"விளையாடாதடா."

"பேரு சொல்லுங்கம்மா."

"சுகிர்தா."

"வயசு?"

"இருபத்துநாலு."

"வேலை?"

"இன்னும் ஒரு வாரம் இருக்கு."

மெஷினை என் கையில் வைத்தான். பிறகு, நான் இந்த மூன்று மாதமும் ஒவ்வொருவரிடமும் சொன்ன வாசகத்தை என்னிடம் சொன்னான். அவன் குரலில் கேட்டபோது அது வேறு யாரோ எழுதிய மாதிரி இருந்தது. "முடிந்தவரை அழுத்துங்கள். வலித்தால் நிறுத்திவிடலாம்."

அழுத்தினேன். பல்லைக் கடித்தேன் என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து அக்கா, "அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான், விடு" என்றாள். முள் பதினாறில் நின்றது. அப்சல் பதிந்துகொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டான். அதற்கு இதுவரை எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றேன். "ரொம்ப வலிக்குதுடா. எழுது."

ராமாத்தாக்கா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, எனக்கும் அதை மாத்தி எழுது" என்றாள்.